வட்டத் துளைகள்

ஆல்ஸ்டன், கம்பிரியா
அக்டோபர் 9, 2011

ப்ரெண்டாவுக்கு,

நீ சுட்டு அனுப்பிய மூன்று இலக்கு அட்டைகளும் வந்து சேர்ந்தன. சமையலறை மேசையில் வரிசையாக வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டுத் துளைகளில் பதினொன்று நீளவாக்கில் கிழிந்திருக்கின்றன. குண்டு மூக்கை முன்னால் நீட்டிப் போகாமல் புரண்டு புரண்டு போயிருக்கிறது. அட்டையின் அடியில், 'சுட்டது: ப்ரெண்டா. வார்த்தது: சிரில்' என்று வழக்கம்போல் எழுதிவிட்டு, 'உன் குண்டுகள் சரியில்லை அண்ணா' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். ஐம்பது குண்டு வார்த்து, ஒவ்வொன்றையும் அளந்து, செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, இந்த இடுப்போடு தபால் நிலையம் வரை நடந்தவனுக்கு ஒரே ஒரு வரி.

நாற்பத்தோரு வருடம் தேவாலயக் கூரைகளுக்கு ஈயத்தகடு போட்டவன் நான். எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஈயம் எந்தச் சூட்டில் எந்த நிறம் காட்டும் என்று கண்ணால் பார்த்துக் கற்றேன். உன் கணவன் டெனிஸ் வங்கிக் குமாஸ்தா. அவனுக்கு ஈயத்தின் குணம் தெரியாது. உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னேன், செத்து நான்கு வருடம் ஆன பிறகும் சொல்வேன். "சிரில், நீ கூரை போடுறவன். குண்டு வார்த்தாலும் மழை ஒழுகாம இருக்கான்னுதான் பார்ப்பே" என்று அவன் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆகவே குறை குண்டில் இல்லை. குண்டுக்குக் கொழுப்பைச் சரியாகத் தடவுகிறாயா? சுட்டு முடித்ததும் துப்பாக்கிக் குழாயில் வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறாயா? நானே கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. சட்டம் நம் ரிவால்வரை உன் ஊர்ச் சுடுதளத்தின் இரும்பு அறையில் பூட்டி வைத்திருக்கிறது. நான் முந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். டெனிஸ் வார்த்து மிச்சம் வைத்துப் போன குண்டு டப்பாவிலிருந்து ஒன்றும் சுட்டுவிடாதே. குழாய் கெட்டுப்போகும்.

இன்னொன்று. காவல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் துப்பாக்கிச் சான்றிதழ் ஏப்ரலில் முடிகிறது. கடந்த ஒரு வருடத்தில் அந்த வெப்லி ரிவால்வரை எத்தனை முறை சுட்டேன், சுடுதளப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இடுப்பு மூட்டை மாற்றியதிலிருந்து நான் அங்கே வரவில்லை. பதினேழு மாதம். சுடாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று சான்றிதழிலிருந்து அதை எடுத்துவிடுவார்கள். 1887ஆம் வருடத்து ரிவால்வர். நானும் டெனிஸும் ஏலத்தில் கூட்டாக எடுத்தது. பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. அந்தப் பாதியைத் தவிர என் பெயரில் இந்த உலகத்தில் ஒரு வீடும் ஒரு கெட்ட இடுப்பும்தான் இருக்கின்றன.

பிப்ரவரியில் வருகிறேன். தவழ்ந்தாவது வருகிறேன்.

நீ அனுப்பிய ஆரஞ்சு ஜாமில் தோல் அதிகம்.

சிரில்


ஃபார்ன்ஹம், சரே
அக்டோபர் 20, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெந்நீர் ஊற்றுகிறேன். கொழுப்புத் தடவுகிறேன். முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவளுக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியும். போன சனிக்கிழமை உன் குண்டுகளில் இன்னும் பன்னிரண்டு சுட்டேன். எட்டு புரண்டன. சுடுதளப் பொறுப்பாளர் ட்ரிக்கெட் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க அண்ணன் ஈயத்துல வார்க்கிறாரா, இல்ல கிறிஸ்மஸ் புட்டிங்ல வார்க்கிறாரா?"

"அவர் காதுல விழாம பேசுங்க. கூரை மேல ஏறி நின்னு உங்க தலையில ஈயத்தை ஊத்துவாரு."

"இந்தக் குறிக்கு என் மேல படாதும்மா, பக்கத்து ஊர்ல விழும்."

கோபப்படாதே. அவர் எல்லோரையும் இப்படித்தான் பேசுவார்.

பிப்ரவரியில் நீ வர வேண்டாம். போன தடவை பென்ரித் ரயில் நிலையத்தில் பனியில் வழுக்கி விழுந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து வரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் அவள்தான் சொன்னாள். ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வழி ஒன்று கிடைக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

டெனிஸின் டப்பாவை நான் தொட மாட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. அவர் கடைசியாக வார்த்தவை பதினெட்டு அதில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது தூக்கி வைத்துத் துடைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்த ஜாமில் தோலைக் குறைக்கிறேன்.

ப்ரெண்டா


ஆல்ஸ்டன்
நவம்பர் 2, 2011

ப்ரெண்டாவுக்கு,

புதிதாக முப்பது வார்த்து அனுப்பியிருக்கிறேன். இதிலும் குறை சொன்னால் இனி நீயே வார்த்துக்கொள். அந்த ட்ரிக்கெட்டிடம் சொல், என் குண்டைப் பற்றிப் பேச அவர் முதலில் ஒரு கரண்டி ஈயமாவது உருக்கியிருக்க வேண்டும்.

பழைய தேவாலயத்து ஈயம் போன குளிர்காலத்தோடு தீர்ந்துவிட்டது. இப்போது ஹார்லின் கார் பட்டறையில் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போடும் எடைத்துண்டுகளை ஒரு வாளி வாங்கி வருகிறேன்.

"பெரியவரே, இவ்வளவு ஈயம் எதுக்கு? போருக்குக் கிளம்புறீங்களா?" என்றான் ஹார்ல்.

"ஆமா."

"யாரோட?"

"என் தங்கச்சியோட."

ஒவ்வொரு துண்டையும் நகத்தால் கீறிப் பார்த்துத்தான் பானையில் போடுகிறேன். ஈயத்தில் நகம் இறங்கும், மற்ற உலோகத்தில் இறங்காது. இந்த முறை ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் எடை குறைகிறது. தராசு பழையது. இங்கே ஈரம் அதிகம். தராசுதான் தப்புக் காட்டுகிறது.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். எதைப் பார்த்துக்கொள்வாய்? சின்ன வயதில் நீ அப்படிச் சொன்னபோதெல்லாம் பிறகு அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். என்ன செய்யப் போகிறாய் என்று முன்னதாக எழுது.

சிரில்


ஃபார்ன்ஹம்
நவம்பர் 22, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

இத்துடன் மூன்று அட்டைகள். மூன்று சனிக்கிழமைகள், தேதி போட்டிருக்கிறது. மூன்றிலும் 'சுட்டது' என்ற இடத்திலும் உன் பெயர்தான். காவல் அலுவலக விண்ணப்பத்தோடு இவற்றையும் வைத்து அனுப்பு. ட்ரிக்கெட் தேநீர் போடப் போன நேரத்தில் பதிவேட்டிலும் உன் பெயரை எழுதிவிட்டேன். உன் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். பள்ளிக்கூட நாளிலிருந்தே வரும்.

உன் புதிய குண்டுகள் நன்றாகப் போகின்றன. பார்த்துச் சந்தோஷப்படு. மற்றபடி எதுவும் கேட்காதே, எதுவும் எழுதாதே. யாருக்கும் இதில் கெடுதல் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு, உனக்கு எழுபத்தொன்பது. சான்றிதழைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடத்துக்கு உன் பாதி உன்னிடம் இருக்கட்டும்.

ப்ரெண்டா


ஆல்ஸ்டன்
நவம்பர் 27, 2011

ப்ரெண்டாவுக்கு,

அட்டைகள் கிடைத்தன. பதினெட்டுத் துளைகள். பதினெட்டும் வட்டம். முதல் அட்டையில் ஐந்து துளைகளை ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். மூடியும் பார்த்தேன். நான் சொன்னேனா இல்லையா? குறை உன் கொழுப்பில், உன் கழுவலில், உன் கையில். ஈயம் தெரிந்தவன் வார்த்தால் இப்படித்தான் போகும். இந்த அட்டையை அந்த ட்ரிக்கெட்டின் தேநீர் மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டு.

ஆனால் பதிவேட்டில் நீ செய்தது தப்பு. நான் நிற்காத இடத்தில் நான் நின்றதாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது கை வலிக்கிறது.

டிசம்பர் 1

தபாலில் போடுவதற்கு முன் நிறுத்திவிட்டேன். மேலே உள்ளதை அடிக்கவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

நேற்று, உனக்கு அனுப்பிய முப்பதோடு சேர்த்து வார்த்ததில் மீந்த ஒரு குண்டு மேசையிலிருந்து கல்தரையில் விழுந்தது. மணி போல ஒலித்தது. ஈயம் தரையில் விழுந்தால் சத்தம் வராது ப்ரெண்டா. சாணி விழுந்தது போலப் பொத்தென்று விழும். நாற்பத்தோரு வருடம் கேட்ட சத்தம் அது. இன்னொன்றை எடுத்துப் போட்டேன். அதுவும் ஒலித்தது. சுத்தியலால் ஒன்றை அடித்தேன். சப்பையாகாமல் ஓரத்தில் விரிசல் விட்டது.

கோட்டை மாட்டிக்கொண்டு ஹார்லிடம் போனேன்.

"இந்த எடையெல்லாம் ஈயம்தானே?"

"பாதி துத்தநாகம் பெரியவரே. புது வண்டிக்கு ஈயத்தை நிறுத்தி எத்தனையோ வருசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் குண்டின் பின்பக்கம் குழிவாக இருக்கும். வெடிமருந்து எரியும்போது அந்தக் குழி விரிந்து குழாயின் உள்ளே இருக்கும் சுருள் வரிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் குண்டு சுழன்று நேராகப் போகும். துத்தநாகம் கலந்தால் குழி விரியாது. பிடிமானம் இல்லாமல் குண்டு புரளும். ஆக, கிழிந்த துளைகள்தான் என்னுடையவை. இந்த வட்டத் துளைகள் என்னுடையவை அல்ல. என் குண்டுகளில் எதுவும் இந்த அட்டையில் இருக்க முடியாது.

பதினெட்டுத் துளைகள். டெனிஸின் டப்பாவில் இருந்ததும் பதினெட்டு. கணக்கு எனக்கும் வரும்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சொல்வாய். அதை என்னால் இப்போது கேட்க முடியாது. இந்த அட்டைகளில் இரண்டு பொய் இருக்கிறது. 'சுட்டது: சிரில்' என்பது ஒன்று. 'வார்த்தது: சிரில்' என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் என்னால் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காவல் அலுவலகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். பத்தொன்பது மாதமாகச் சுடவில்லை, இனிமேல் சுடவும் முடியாது, என் சான்றிதழை ஏப்ரலோடு முடித்துவிடுங்கள் என்று. அட்டைகளைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல் எழுதவில்லை. நான் புதுப்பிக்கக் கேட்காவிட்டால் அவர்கள் பதிவேட்டைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நீ போய் அந்த மூன்று வரிகளையும் அடி. என் பெயரை நான்தான் எழுத வேண்டும்.

சிரில்


ஃபார்ன்ஹம்
டிசம்பர் 14, 2011

அண்ணா,

உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேசாமல் இருப்பது. அதுகூட உன்னால் முடியவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி உன் புதிய குண்டுகளில் ஆறு சுட்டேன். ஐந்து புரண்டன. அந்த அட்டையில் உன் பெயர் போட்டு அனுப்பினால் காவல் அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்? எண்பதை நெருங்கும் கிழவர், கை நடுங்குகிறது, துப்பாக்கியை வாங்கிவிடுங்கள் என்பார்கள். ட்ரிக்கெட் சிரித்தது போல் அவர்களும் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தேன். அன்று ஆறு, அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்த வாரம் ஆறு. ஒவ்வொரு சனிக்கிழமையும், இதோடு போதும், மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு அட்டை போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கருமருந்துப் புகையில் கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

இப்போது டப்பா காலி. உன் சான்றிதழும் போகிறது. திருப்திதானே?

நீ சொன்னபடி பதிவேட்டில் அந்த மூன்று வரிகளையும் அடித்தேன். மறைவாக அல்ல. ட்ரிக்கெட்டைக் கூப்பிட்டு அவர் முன்னால் அடித்தேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது என்னம்மா?"

"வராத ஆளை வந்ததா எழுதினேன்."

"எதுக்கு?"

"அவருக்காக."

"அவரு எழுதச் சொன்னாரா?"

"அவரு அடிக்கச் சொன்னாரு."

ட்ரிக்கெட் மூன்று வரிகளையும் விரலால் எண்ணினார். பிறகு பேனாவைக் கையில் கொடுத்தார். "பக்கத்துல உங்க கையெழுத்தைப் போடுங்க. இதை நிர்வாகக் குழுவுல சொல்லாம இருக்க முடியாது. ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. அதுக்கு மேல போகாம நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார். வாசல் வரை வந்து, "அந்தப் பெரிய மனுஷர்கிட்ட சொல்லுங்க, புட்டிங் கதையை வாபஸ் வாங்கிட்டேன்னு" என்றார்.

சொல்லிவிட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது அண்ணா. இந்தக் கிறிஸ்மஸுக்கு ஜாம் கிடையாது.

ப்ரெண்டா


ஆல்ஸ்டன்
ஜனவரி 16, 2012

ப்ரெண்டாவுக்கு,

காவல் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்துவிட்டுப் போனார். பனியில் காரைத் தெருமுனையிலேயே விட்டு நடந்து வந்திருந்தார். பாவம், காலணி முழுக்க ஈரம். அடுப்புக்கு அருகில் உட்கார வைத்தேன்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துருந்தாக்கூடப் போதுமே ஐயா. வசந்தம் வரைக்கும் நான் நேரம் வாங்கித் தரட்டுமா?"

"வேண்டாம்மா."

"தங்கச்சி கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?"

"அவ கூட்டிட்டுப் போவா. என்னாலதான் போக முடியாது."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கையெழுத்து. உன்னுடையதைவிட மோசமாக இருந்தது.

இனி நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் படி.

துத்தநாகம் கலந்ததற்கு ஹார்ல் காரணம் இல்லை, தராசும் காரணம் இல்லை. பானையை அளவுக்கு மேல் சூடாக்கினேன். சூட்டைக் குறைத்து வைத்திருந்தால் ஈயம் முதலில் உருகும், துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் ஒதுக்கியிருக்கலாம். கை மரத்துப்போகிறது என்று சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்ததாக எழுதினேன். என் நகம் இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் இறங்கியது என்றே சொல்கிறது. பானையையும் அதில் இருந்ததையும் ஹார்லிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "போர் முடிஞ்சிருச்சா?" என்றான். "தோத்துட்டேன்" என்றேன்.

இதை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. நீ பொய் எழுதியது தப்புதான். அதில் மாற்றம் இல்லை.

ஆனால் ஒன்று. டெனிஸ் கடைசியாக வார்த்தது என் தேவாலயத்து ஈயத்தில். ஒரு தகட்டுச் சுருளை நான்தான் காரில் கொண்டுவந்து கொடுத்தேன். மிருதுவான ஈயம் அது. மணலில் விழுந்தால் ஒரு கை ஆழத்துக்கு மேல் போகாது. நீ சுட்ட இலக்குக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டில் அந்தப் பதினெட்டும் அப்படியே கிடக்கின்றன. தளத்தில் வருடா வருடம் மணலைக் கிளறி ஈயத்தை எடுத்து மொத்தமாகப் போடுவார்கள். அதற்கு முன் நீ தோண்டு.

அங்கே நூறு பேருடைய குண்டு கிடக்கும். டெனிஸுடையதை அடையாளம் காண வழி இருக்கிறது. அவன் அச்சில் பின்குழியைப் போடும் ஊசியில் ஒரு சின்ன வெட்டு உண்டு. புது அச்சு வாங்கு என்று இருபது வருடம் திட்டினேன். அவன் வாங்கவில்லை. அவனுடைய ஒவ்வொரு குண்டின் பின்குழியிலும் மயிரிழை போல ஒரு மேட்டுக்கோடு இருக்கும். மூக்கு நசுங்கியிருந்தாலும் அது நசுங்கியிருக்காது.

கிடைத்ததை அனுப்பு. அவன் அச்சையும் அனுப்பு.

சிரில்


ஃபார்ன்ஹம்
ஏப்ரல் 17, 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் முடிந்ததும் போனேன். குழுவில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ட்ரிக்கெட்டிடம் மணல்மேட்டைத் தோண்ட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மண்வெட்டியும் தானியம் சலிக்கும் சல்லடையும் கொண்டுவந்தார். நான் சமையலறை வடிகட்டியை எடுத்துப் போயிருந்தேன். இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரம் சலித்தோம். மழை வேறு.

பக்கத்தில் சுட வந்த ஒருவன், "அங்க என்ன தேடுறீங்க, கல்யாண மோதிரமா?" என்று கேட்டான். "அந்த மாதிரிதான்" என்றார் ட்ரிக்கெட்.

பதினான்கு கிடைத்தன. நசுங்கிக் காளான் மாதிரி இருக்கின்றன. பின்குழியில் நீ சொன்ன கோடு பதினான்கிலும் இருக்கிறது. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடித்தேன். முதல் கோடு விரலில் தட்டுப்பட்டபோது கொஞ்ச நேரம் மழையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மீதி நான்கை விட்டுவிட்டோம். என் முட்டியும் ட்ரிக்கெட்டின் முட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினான்கையும் மணலைக் கழுவிக் காயவைத்து அனுப்புகிறேன். டெனிஸின் அச்சும் இதோடு வருகிறது. அதன் கைப்பிடியில் அவர் சுற்றிய துணி அப்படியே இருக்கிறது. அதை மாற்றாதே.

ஒரு ஜாம் பாட்டிலும் வைத்திருக்கிறேன். தோல் இல்லாதது. உனக்காகத் தனியாகச் செய்தேன். அதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பாய்.

ப்ரெண்டா


ஆல்ஸ்டன்
மே 8, 2012

ப்ரெண்டாவுக்கு,

பெட்டி வந்து பத்து நாள் ஆகிறது. என் சான்றிதழ் இல்லாத முதல் மாதம் இது. ஒன்றும் ஆகிவிடவில்லை. மழை பெய்கிறது, ஆடுகள் மேய்கின்றன.

புதுப் பானை வாங்கினேன். சூட்டைக் குறைவாக வைத்துப் பொறுமையாக உருக்கினேன். டெனிஸின் அச்சு விசித்திரமானது. முதல் மூன்றும் சுருக்கம் விழுந்து வந்தன. திரும்பப் பானையில் போட்டேன். அச்சை மூடியபின் ஒரு மூச்சு விடும் நேரம் கூடுதலாகக் காத்திருந்தால்தான் அது நிறைகிறது. அவன் வார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று என்னத்தையோ முணுமுணுப்பான். குமாஸ்தா எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று நான் கேலி செய்வேன். அவன் காத்திருந்திருக்கிறான். இவ்வளவு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

துணியை மாற்றவில்லை.

ஈயத்தில் கொஞ்சம் கசடாகப் போய்விட்டது. பதினான்கிலிருந்து பதின்மூன்று வந்திருக்கின்றன. கல்தரையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை. எல்லாம் இந்த டப்பாவில் இருக்கின்றன. ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள். பன்னிரண்டைச் சுடு. எங்கே விழுகின்றன என்று பார்த்து வை, மறுபடியும் தோண்ட வேண்டியிருக்கும்.

ஜாம் தித்திப்பு. தோல் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அட்டையில் 'சுட்டது' என்ற இடத்தில் உன் பெயரை எழுது. 'வார்த்தது' என்ற இடத்தில் இரண்டு பெயர் போடு. அவன் பெயர் முதலில் வரட்டும்.

சிரில்